ஒத்தடப் பை

மூன்றாம் முறை மாட்டியபோது பை ஊதிப் பெருத்தது.

பச்சை நிறப் பை. உள்ளே தண்ணீர். பிளக்கில் மாட்டினால் சூடாகும். போதுமான சூடு ஏறியதும் சிவப்பு விளக்கு தானே அணைந்துவிடும் என்று பெட்டியில் போட்டிருந்தது. வயிறு உப்பியிருப்பதைப் பார்த்து, வந்த அன்றே கணவன் அதற்குத் தவளை என்று பெயர் வைத்துவிட்டான்.

விளக்கு அணையவில்லை. அவள் கட்டிலில் சாய்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பை பக்கத்துத் தலையணை மேல் இருந்தது. அதன் ஓரங்கள் விறைத்தன. பிளாஸ்டிக் பொசுங்கும் வாடை. குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு எழுந்து சுவிட்சை அணைத்தாள். பிளக்கைப் பிடுங்கியபோது விரல் சுட்டது. பிளக்கின் ஒரு முனை கறுத்திருந்தது.

பையை வயரைப் பிடித்து பால்கனிக்கு இழுத்துப்போனாள். மேலே வாளியைக் கவிழ்த்தாள். வாளி மேல் பூந்தொட்டியை வைத்தாள்.

மாலையில் கணவன் வந்து வாளியைத் தூக்கிப் பார்த்தான்.

"செத்துடுச்சா?"

"நாங்க சாகலையேன்னு சந்தோஷப்படுங்க."

அவன் சிரிக்கவில்லை. பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். தரமுத்திரையை நகத்தால் கீறினான். அது ஸ்டிக்கர். உரிந்து வந்தது. அடியில் ஒன்றும் இல்லை. விற்றவரின் பெயர் என்று இருந்தது வாயில் நுழையவில்லை. முகவரி இல்லை.

"திருப்பி அனுப்பிடலாம்" என்றாள்.

"அக்கா போன்ல வாங்கினது. அவகிட்டதான் கேக்கணும்." கட்டிலில் உட்கார்ந்தான். "வேணாம். அக்காகிட்ட சொல்லாத."

அவனுக்கு அக்கா; அவளுக்கு அண்ணி. சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிற வேலை. காலையிலிருந்து மதியம் வரை நின்றபடியே. பிரசவத்துக்குப் பிறகு தம்பி மனைவிக்கு முதுகு வலி என்று கேட்டதும், சாப்பாட்டு இடைவேளைகளில் போனில் தேடி, வாங்கியவர்கள் எழுதிய கருத்தையெல்லாம் படித்து, பார்த்துப் பார்த்து வாங்கி அனுப்பியது. அண்ணி கொடுத்த எதுவும் இந்த வீட்டில் இதுவரை சரியாக அமைந்ததில்லை. தம்பிக்கு எடுத்த சட்டை இறுக்கிப் பிடித்தது. மிக்ஸி மூடியில்லாமல் வந்தது. ஒவ்வொரு முறையும், "எனக்குத்தான் வாங்கத் தெரியாதே" என்று சொல்லிவிட்டு ஒரு வாரம் பேசமாட்டாள். கோபம் இல்லை. வெட்கம். அது கோபத்தைவிடக் கஷ்டம்.

மறுநாள் அண்ணி போன் செய்தாள்.

"முதுகு எப்படிம்மா இருக்கு?"

அவள் பால்கனியைப் பார்த்தாள். வாளி. பூந்தொட்டி.

"பரவால்ல அண்ணி. பை ரொம்ப இதமா இருக்கு."

"பாத்தியா? இந்தத் தடவை ஏமாறல. அத முதுகுல வச்சு ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு அவன."

சாயங்காலம் கணவன் வாளியை எடுத்தான். செத்த பையைத் துடைத்து அவள் முதுகுக்கு அடியில் வைத்தான். அது ஜில்லென்று இருந்தது. குழந்தையைப் பக்கத்தில் கிடத்தினான்.

"கொஞ்சம் சிரி."

"தவளை கடிக்குதுன்னு முகத்துல தெரியுதா?"

"ஒத்தடம் குடுத்தா மாதிரி மூஞ்சிய வை."

எடுத்தான். அனுப்பினான். பையை மறுபடி வாளிக்குள் போட்டான். அன்று இருவரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

அடுத்த வாரம், மதியம். குழந்தை அப்போதுதான் தூங்கியது. அண்ணியிடமிருந்து குரல்செய்தி. வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது பேசியிருக்கிறாள். பின்னால் கண்டக்டர் சத்தம்.

"ஏம்மா, உன்னப் பாத்து ஆசையா இருந்துச்சு, எனக்கும் ஒண்ணு வாங்கிட்டேன். நேத்து வந்துடுச்சு. முட்டி ரெண்டும் கழண்டு விழுது. பக்கத்து கவுண்டர் பொண்ணுக்குப் பொறந்தநாள் வருது, அவளுக்கும் சேத்து ஒண்ணு. வீட்டுக்குப் போனதும் மாட்டிட்டு, முட்டிக்குக் கீழ வச்சுக்கிட்டுப் படுத்துடப் போறேன். யாரும் எழுப்பக் கூடாது."

அவள் திருப்பி அழைத்தாள். மணி அடித்தது. எடுக்கவில்லை. தூங்கப் போகும்போது அண்ணி போனை ஊமையாக்கிவிடுவாள். மறுபடி அழைத்தாள். பிறகு கணவனை அழைத்தாள்.

"பதறாத. சாயங்காலம் நான் போய் மெதுவா எடுத்துச் சொல்றேன்" என்றான்.

"நீங்க மெதுவா சொல்லுங்க. அது வேகமா வெடிக்கும்."

"நாம பொய் சொன்னது தெரிஞ்சுடும்டி."

"தெரியட்டும்."

குழந்தையைத் துண்டில் சுற்றினாள். செருப்பில் ஒன்று கட்டிலுக்கடியில் போயிருந்தது. குனிந்தபோது முதுகு பிடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தாள். தெருமுனையில் கிடைத்த முதல் வண்டியில் ஏறினாள். வழியெல்லாம் போனைக் காதில் வைத்திருந்தாள். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து, "ஆஸ்பத்திரியாம்மா?" என்றார்.

"ஆகாம இருக்கணும்னுதான் போறேன். கொஞ்சம் சீக்கிரம்."

அண்ணியின் வீடு மாடியில், ஒரே அறை. கதவைத் தட்டினாள். பிறகு அடித்தாள். கீழ் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். குழந்தை விழித்து அழுதது. அந்த அழுகைக்குத்தான் கதவு திறந்தது.

அண்ணியின் தலை கலைந்திருந்தது. "என்னாச்சு? தம்பிக்கு என்ன?"

அவள் உள்ளே போனாள். பாய். பாயின் தலைமாட்டில் எக்ஸ்டென்ஷன் பெட்டி. தவளை பாய் மேல் ஊதிக் கிடந்தது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் சுவிட்சை அணைத்து, முந்தானையால் பிளக்கைப் பிடித்துப் பிடுங்கினாள். எக்ஸ்டென்ஷன் பெட்டியின் துளை ஓரம் பழுப்பாகியிருந்தது. பையை வாசலுக்கு வெளியே காலால் தள்ளினாள்.

"இப்பதான் கால நீட்டினேன்" என்றாள் அண்ணி. "விளக்கு அணையட்டும்னு பாத்துட்டே கண்ணசந்துட்டேன்."

"அது அணையாது அண்ணி. எங்களோடதும் அணையல. ஊதிக்கிட்டுப் பொசுங்கிடுச்சு. மூணாவது தடவையே."

"எப்ப?"

"அந்த போட்டோவுக்கு முதல் நாள்."

அண்ணி குழந்தையை வாங்கிக்கொண்டாள். தோளில் போட்டுத் தட்டினாள். அழுகை நின்றது.

"அப்ப போட்டோ?"

"உங்க தம்பிதான் எடுத்தாரு."

"அவன் பொய் சொல்லுவான். பள்ளிக்கூடத்துக்குப் போகாமயே மார்க் வாங்கிட்டு வந்தவன். நீ எதுக்கும்மா?"

"நீங்க பாத்துப் பாத்து வாங்கினது. மனசு கஷ்டப்படும்னு."

"என் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு என் காலக் கொளுத்தப் பாத்தீங்க."

அவளுக்குக் கண் கலங்கியது. அண்ணி அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பினாள்.

"அழாத. பால் வத்திடும். மொதல்ல அந்தப் பொண்ணுக்குப் போன் போடணும்."

பக்கத்து கவுண்டர் பெண் எடுத்தாள். அண்ணி சத்தமாகப் பேசினாள். "அந்தப் பைய மாட்டிட்டியா? … பிரிக்கலையா? … நல்லதா போச்சு, பிரிக்காத. … பொறந்தநாளுக்கு நான் வேற ஏதாவது தரேன். கரண்ட் இல்லாததா."

போனை வைத்தாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பிறகு எதையோ நினைத்துக்கொண்டவள்போல் மறுபடி போனை எடுத்து, விற்பனைப் பக்கத்தைத் தேடித் திறந்து அவளிடம் நீட்டினாள்.

அந்தப் படம் அங்கே இருந்தது. அவள், சிரிப்பு, பச்சைப் பை, குழந்தை. மேலே ஐந்து நட்சத்திரம். "என் தம்பி மனைவிக்கு முதுகு வலி போய்விட்டது. நம்பி வாங்கலாம்." கீழே யாரோ கேட்டிருந்தார்கள்: "கைக்குழந்தை இருக்கும் வீட்டில் வைக்கலாமா?" அண்ணி பதில் எழுதியிருந்தாள்: "தாராளமாக. படத்தில் குழந்தை பக்கத்திலேயே இருக்கிறது, பாருங்கள்."

அவள் இரண்டு முறை படித்தாள்.

"ஆராய்ஞ்சு பாத்துதானே வாங்கினேன்" என்றாள் அண்ணி. "எத்தனை பேர் நல்லாயிருக்குன்னு எழுதியிருந்தாங்க. அவங்களுக்கும் ஒரு அண்ணி இருந்திருப்பா போல."

இருவரும் வாசலுக்குப் போனார்கள். பை சுருங்கத் தொடங்கியிருந்தது. அண்ணி பிளக்கைப் படம் எடுத்தாள். பழுப்பேறிய துளையையும் எடுத்தாள். நட்சத்திரத்தை ஒன்றாக்கினாள். அதற்குக் கீழே போக வழியில்லை. பழைய படத்தை நீக்கினாள். எழுதுவதற்கு நேரமானது; அண்ணி ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்துவாள். "நான் தவறாகச் சொல்லிவிட்டேன். விளக்கு அணையவில்லை. பொசுங்குகிறது. வாங்கியிருந்தால் மாட்டாதீர்கள்." குழந்தையைப் பற்றிக் கேட்டவருக்குத் தனியாக எழுதினாள்: "வேண்டாம். வாங்கிவிட்டீர்களா? பதில் போடுங்கள்."

உங்கள் கருத்து பரிசீலனையில் உள்ளது என்று திரை சொன்னது. பக்கத்தின் அடியில் அதே தவளை, நீல நிறத்தில், வேறொரு விற்பனையாளர் பெயரில்.

"இது குட்டி வேற போட்டிருக்கு பாரு" என்றாள் அண்ணி. அதையும் திறந்து புகார் என்ற பொத்தானைத் தேடினாள். கிடைக்கவில்லை. அவள் போனை வாங்கித் தேடினாள். பக்கத்தின் கடைக்கோடியில், மங்கிய எழுத்தில் இருந்தது. அழுத்தினார்கள்.

போன் அடித்தது. தம்பி. அண்ணி எடுத்து, "உனக்கு சாயங்காலம் இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள்.

குழந்தையைப் பற்றிக் கேட்டவரிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. அண்ணி போனைத் தரையில், இருவருக்கும் தெரிகிற மாதிரி, சுவரில் சாய்த்து வைத்தாள். குழந்தையைப் பாயில் கிடத்தினாள். எக்ஸ்டென்ஷன் பெட்டியை எடுத்து அலமாரிக்கு மேல் எறிந்தாள். அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு வந்தாள்.

"இப்ப சொல்லு" என்றாள். "முதுகு எப்படி இருக்கு?"

"வலிக்குது அண்ணி. குனிய முடியல."

"ம்" என்றாள் அண்ணி. ஒரு பழைய துண்டைத் தேடி எடுத்து நான்காக மடித்தாள். "உன் முதுகுக்கு அப்புறம் என் முட்டிக்கு. திரும்பி உக்காரு."

அவள் திரும்பி உட்கார்ந்தாள். கண் போனின் மேலேயே இருந்தது.