ராஜாசாரஸைப் பல்லி என்று சொன்னவன்

சின்ன காஞ்சிபுரம் ஸ்ரீசரணின் தலையில் டைனோசர் முதன்முதலாக விழுந்தது ஒரு துவாதசி காலையில், அவன் இலை முன்னால் உட்கார்ந்திருந்தபோது. ஒரு சாண் நீளம், கெட்டி பிளாஸ்டிக், நெற்றியில் ஒற்றைக் கொம்பு. விட்டத்திலிருந்து விழுந்தது என்று தெருவில் சொன்னார்கள். அந்தக் கூடத்தில் விட்டம் கிடையாது, சிமெண்ட் கூரைதான். தலையில் பட்டு, அகத்திக்கீரையில் உருண்டு, இலையோரமாகப் படுத்துக்கொண்டது. சாயங்காலம் அது பக்கத்துக் கூரம் கிராமத்தில் சிம்ரன் வீட்டு அலமாரியில் தன் வழக்கமான இடத்தில் நின்றிருந்தது. கால் விரலிடுக்கில் கீரை ஒட்டியிருந்தது. சிம்ரன் அதைக் குழாயடியில் கழுவித் துடைத்து வைத்தாள். அவளுக்கு ஆச்சரியமே இல்லை. மனசு குளிர்ந்துபோயிருந்தது.

சிம்ரன் ரயில்வே ரோட்டில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்பவள். மற்ற நேரமெல்லாம் அவளுக்கு டைனோசர் பொம்மைதான். வாங்குவாள், கோயம்புத்தூரில் இதே பைத்தியம் பிடித்தவர்களோடு மாற்றிக்கொள்வாள், தன் சேனலில் ஒவ்வொன்றையும் அக்குவேறு ஆணிவேறாக அலசுவாள். ஒட்டு தெரிகிறதா, பெயிண்ட் வழிந்திருக்கிறதா, வெயிலில் பின்னங்கால் வளையுமா என்று அவள் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. ஸ்ரீசரணும் சேனல்காரன்தான், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை, கண்ணாடிப் பெட்டி நிறைய வெளிநாட்டு உருப்படிகள். அவன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடிய ஒரு மாமிசபட்சிணியைப் பற்றி அவள் ஒருமுறை, உள்ளங்கை இரண்டும் தாளம் தட்டுகிற மாதிரி ஒன்றையொன்று பார்க்க வேண்டும், இது கையைக் கவிழ்த்து ஆர்மோனியம் வாசிக்கிறது என்று சொல்லிவிட்டாள். உண்மைதான். ஆனால் நாடே சிரித்தது. அவன் ஒரு வருஷம் அதை மனதில் வைத்துக் கறுவிக்கொண்டிருந்தான்.

பிறகு அவளிடமிருந்த ராஜாசாரஸை, அந்த ஒற்றைக்கொம்பு டைனோசரை, ஒரு வீடியோவுக்காக இரவல் கேட்டான். தேன் ஒழுகக் கேட்டான். அவள் கண்ணாடி துடைக்கும் மெத்துத் துணியில் அதைச் சுற்றிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போய், கேட்டுக்கு வெளியே நின்று, கையை நீட்டினாள். மதில் மேல் வைத்துவிடச் சொன்னான். அவள் வைத்து, நகர்ந்து நின்ற பிறகு எடுத்துக்கொண்டான். அது எந்த ஊர் வழக்கம் என்று அவளுக்கும் தெரியும், அவள் அம்மா சம்பூர்ணத்துக்கும் தெரியும். பொம்மைக்காக அதை விழுங்கினாள். அடுத்த வாரம் வீடியோ வந்தது. இது டைனோசரே இல்லை, திருவிழாக் கடையில் விற்கிற பல்லி, இதைக் காட்டி ஊரை ஏமாற்றுகிறாள் என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தான். பொம்மை திரும்பி வந்தது, பேர் திரும்பவில்லை. கோயம்புத்தூர்க்காரர்கள் மாற்றிக்கொள்ள மறுத்தார்கள். கண்ணாடிக் கடைக்கு வந்த கல்லூரிப் பிள்ளைகள் அவளைப் பார்த்து ச்சு ச்சு என்று பல்லி மாதிரி நாக்கைக் கொட்டினார்கள். அவளிடம் இருந்ததே ஒரு வாக்குதான், அதையும் பிடுங்கிக்கொண்டான்.

ஆனால் காஞ்சிபுரத்தில் ஒன்றைப் பல்லி என்று சொல்வது விளையாட்டில்லை. கோயில் கூரையில் பல்லிக்குத் தங்கத்தில் இடம் கொடுத்திருக்கிற ஊர் இது. பல்லி என்று பேர் வைத்துவிட்டால் பல்லியின் உரிமையெல்லாம் அதற்கும் உண்டு. அந்தத் துவாதசிக்கு முந்தின ராத்திரி சிம்ரன் அலமாரி முன் நின்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

"உன்னப் பல்லின்னுட்டான் இல்ல? பல்லி என்னா பண்ணுமோ, போய் அத்தப் பண்ணு."

அதிலிருந்து தினமும் விழுந்தது. தலையில் விழுந்தால் கலகம் என்றது பஞ்சாங்கம். வீட்டில் மூன்று வேளையும் சண்டை. பாதத்தில் விழுந்தால் பயணம் என்றது. ஆபீசில் அவனை ஹைதராபாத்துக்கு அனுப்பினார்கள், அங்கே ஓட்டல் அறையிலும் வந்து விழுந்தது. கோயிலுக்குப் போய்த் தங்கப் பல்லியைத் தொட்டால் அன்றைய தோஷம் கழிந்தது. மறுநாள் புதிதாக விழுந்தது. ஹெல்மெட் போட்டுக்கொண்டு சந்தியாவந்தனம் செய்தான். பெண் பார்க்கப் போன இடத்தில் கேசரித் தட்டில் விழுந்தது. இதையெல்லாம் யாராவது வந்து சொல்லும்போது சிம்ரன் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

கடைசியில் அவன் அப்பா தேவராஜன், சாஸ்திரம் படித்தவர், பிள்ளையை உட்கார வைத்து, நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"அது என்னன்னு நீ சொல்லித் தொலைச்சியோ, அதுவாத்தான் வந்து விழறது. சொன்ன வாயாலயே மாத்திச் சொல்லிடு."

ஸ்ரீசரண் ஒரு வீடியோ போட்டான். அட்டைப் பெட்டி இல்லாமல் கொடுத்ததால்தான் தப்பாக நினைத்தேன் என்று பழியை அவள் மேலேயே தள்ளினான். அன்று மட்டும் இரண்டு முறை விழுந்தது. அதற்கப்புறம் அவன் அம்மா அம்ருதவல்லி, நெற்றியில் பிளாஸ்திரியோடு இருந்த மகனைக் கூட்டிக்கொண்டு கூரம் வந்து சேர்ந்தாள். சம்பூர்ணம் நாற்காலி போட்டாள். உனக்குத் தாராள மனசு, அதைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லேன் என்று அம்ருதவல்லி கெஞ்சினாள்.

"நான் பல்லின்னு சொல்லலியேம்மா," என்றாள் சிம்ரன். "சொன்னவரு சொல்லட்டும்."

போனை நிமிர்த்தி வைத்து நேரலையைப் போட்டாள். ராஜாசாரஸை எடுத்துக் கையை நீட்டினாள். இந்தத் தடவை அவன் அவள் கையிலிருந்தே வாங்கிக்கொண்டான். கோயம்புத்தூர்க்காரர்கள் உட்பட எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, பொறாமையால் பொய் சொன்னேன், சிம்ரன் சொன்னதுதான் சரி என்றான். பிறகு பொம்மையின் முகத்தைப் பார்த்துச் சொன்னான்.

"நீ பல்லி இல்ல. நீ டைனோசர். நெஜமான டைனோசர்."

அது என்ன தின்னும் என்பது சிம்ரனுக்குத் தெரியும். அந்த வார்த்தையைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள் என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கேட்டுக்கு வெளியே நின்ற அந்த மத்தியானம் அவளுக்கு அப்போதும் எரிந்துகொண்டுதான் இருந்தது.

மறுநாள் அது விழவில்லை. நடந்து வந்து கடித்தது.

பெரிதாக ஒன்றுமில்லை, ஆடுசதையில் ஒரு வாய். ஆஸ்பத்திரியில் நாய்க்கடி ஊசியே போட்டு அனுப்பினார்கள். இப்போது எல்லாருக்கும் பழகிவிட்டது. தினமும் விடிந்ததும் கூரம் ரோட்டோரமாக அது வரும்; பால்காரர் வண்டியை ஒதுக்கி வழி விடுவார், ஸ்ரீசரண் வீடு இருக்கும் சன்னதித் தெருவில் நாய்கள் எழுந்து தள்ளிப் படுத்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் தானாகத் திரும்பிவிடும். அது போய்வருவதற்காகச் சிம்ரன் கதவைத் தாழ் போடாமல் தூங்குகிறாள். நன்றாகவே தூங்குகிறாள்.