வெட்டாத படம்

குமாசியில் அசாஃபோ சந்தைக்குப் பின்னால் இருக்கும் அச்சுக்கடையில் நாற்காலி இழுத்துப் போட்டும் யாவ் அடார்க்வா உட்காரவில்லை. கடைகளில் உட்கார்ந்து காத்திருப்பது ஒரு குடும்பத் தலைவனுக்கு அழகில்லை என்பது அவர் எண்ணம். எழுபத்தெட்டு வயதிலும் அதை மாற்றிக்கொள்ளவில்லை. துக்கத்துக்கு உடுத்திய கறுப்புத் துணியை இடது தோளில் ஏற்றிப் போட்டுக்கொண்டு, கடைக்காரி செர்வாவின் பின்னால் நிமிர்ந்து நின்றார்.

சனிக்கிழமை அவருடைய தங்கை அமா ஃபோஃபியை அடக்கம் செய்ய வேண்டும். அதற்குள் நாற்சந்தியில் ஒன்று, வீட்டு வாசலில் ஒன்று என்று இரண்டு பேனர் ஏறியாக வேண்டும். பேனருக்கான படத்தைக் குடும்பமே கூடித் தேர்ந்தெடுத்திருந்தது. அமா ஃபோஃபியின் மகன் சார்பொங்கின் போனில் இருந்த படம். கெந்தே துணி உடுத்தி, கழுத்தில் மணி போட்டு, அவள் வாய் கொள்ளாமல் சிரிக்கும் படம். நோய் வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. "ஈஸ்டர் அன்னிக்கு எங்க வீட்டுல எடுத்தது மாமா" என்று சார்பொங் சொல்லியிருந்தான்.

"பெரியவரே, இந்த ஃபைல் திறக்க மாட்டேங்குதே" என்றாள் செர்வா.

"எல்லாருக்கும் வாட்ஸப்புல வந்துச்சே. நல்லாத்தானே இருந்துச்சு."

"அது தபால்தலை சைஸு. அதைப் பன்னிரண்டு அடிக்கு இழுத்தா உங்க தங்கச்சி மூக்கு செங்கல் அடுக்கின மாதிரி வரும். அதான் போன்ல இருக்கற அசலைக் கேட்டேன். உங்க மருமகனும் அசலைத்தான் கொடுத்திருக்காரு. ஆனா விலை கூடின போன் பாருங்க, படத்தைத் தனக்குன்னு ஒரு பாஷையில எழுதி வெச்சுக்குது. என் சாஃப்ட்வேர் கிழடு. அதுக்கு அந்தப் பாஷை தெரியாது."

"கிழடானதை வெச்சுக்கிட்டு ஏன் கட்டி அழற? மாத்து."

"யாரு சொல்றதுன்னு பாருங்க!" என்று செர்வா சிரித்தாள். நாற்பது தாண்டியவள், இந்தத் தெருவில் இறந்தவர்களில் பாதிப் பேரின் முகத்தை அச்சடித்தவள். "கவலைப்படாதீங்க. மாத்திக் கொடுக்க ஒரு சின்ன புரோகிராம் இருக்கு. அதுக்குள்ள இதைத் தள்ளினா சாதாரணப் படமா வெளிய வரும். எந்தக் கிழட்டு மெஷினும் படிச்சிடும். கொஞ்சம் நேரம் எடுக்கும், அவ்வளவுதான்."

திரையில் ஒரு பச்சைக் கோடு ஊர்ந்தது. பென் டிரைவை நேற்று சார்பொங்தான் அவர் கையில் கொடுத்தான். "என் கம்ப்யூட்டர்லயும் திறக்கல மாமா. ஃபைல் நம்பரைப் பார்த்துத்தான் எடுத்துப் போட்டேன், அதேதான்" என்றான். பந்தல், நாற்காலி, பிணவறை என்று அவனுக்கு ஆயிரம் வேலை. பெரியவரை எதற்கும் அலைய விடவில்லை. பேனர் வேலையை மட்டும் அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். தங்கையின் பேரில் எழுத்துப் பிழை வந்துவிடக் கூடாது.

நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டார். தனக்குப் பிறகு குடும்பத்தின் தலைமை அவனுக்குத்தான். பெற்ற பிள்ளைகளுக்கு அதில் பங்கில்லை. தங்கை மகனுக்குப் போவதுதான் முறை. போன வருஷமே கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் அவன் தோளில் கை வைத்து அதைச் சொல்லியும் விட்டார். எஜிசு சாலை ஓரத்துக் குடும்ப நிலத்தில் யாரோ சிவப்பு முனை வைத்த முளைகள் அடித்திருப்பதைப் பார்த்து அவர் பதறியபோதுகூட, விசாரித்துவிட்டு வந்தவன் அவன்தான். "ரோடு அளக்கறாங்க மாமா, வேற ஒண்ணுமில்ல." அந்த நிலத்தில் குடும்பத்துப் பெண்கள் இருபத்திரண்டு பேர் மரவள்ளியும் வாழையும் போட்டுப் பிழைக்கிறார்கள். பதவியேற்ற நாளில், ஒரு சாண் குறையாமல் அடுத்த தலைவன் கையில் கொடுப்பேன் என்று மதுவை மண்ணில் ஊற்றிச் சத்தியம் செய்தவர் அவர்.

"வந்துடுச்சு" என்றாள் செர்வா. பிறகு, "இது வேற படமா இருக்கே. நிறையப் பேர் நிக்கறாங்களே" என்றாள்.

யாவ் அடார்க்வா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

வேறு படம் இல்லை. அதே கெந்தே. அதே மணி. அதே சிரிப்பு. ஆனால் அமா ஃபோஃபி படத்தின் வலது ஓரத்தில் ஒரு நாற்காலியில் இருந்தாள். அவளுக்கு முன்னால் மேசை. மேசையில் இரண்டு ஷ்னாப்ஸ் மது பாட்டில், ஒரு மைப்பெட்டி, விரித்து வைத்த காகிதங்கள். அவள் வலது கட்டைவிரல் நீலமாக இருந்தது. நடுவில் சார்பொங் நின்றான். அவனுக்கு எதிரே பெட்ரோல் பங்க் முதலாளி ஒடுரோ. சோழி கோத்த இலைநார் ஒன்றின் இரு முனைகளை இருவரும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். நார் அறுகிற கணத்தில் யாரோ படம் எடுத்திருந்தார்கள். ஒரு சோழி காற்றில் நின்றது.

குவாஹா. நிலம் கைமாறும்போது செய்கிற சடங்கு. நார் அறுந்தால் விற்றவனுக்கும் நிலத்துக்கும் உறவு அறுந்தது.

சனிக்கிழமைக்கான பந்தலும் நாற்காலிகளும் ஒடுரோ இனாமாகக் கொடுத்தவை. "நல்ல சிநேகிதன் மாமா" என்று சார்பொங் சொன்னபோது பெரியவர் அந்த மனிதனை மனதுக்குள் வாழ்த்தியிருந்தார்.

"இது மெஷின் செஞ்ச தப்பா இருக்குமா?" அவர் குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது. "மாத்தும்போது வேற படம் ஏதாவது இதோட கலந்திருக்குமா?"

"மெஷினுக்கு ஆளைக் கொண்டு வந்து நிறுத்தத் தெரியாது பெரியவரே." செர்வாவின் சிரிப்பு போயிருந்தது. "போன்ல படத்தை வெட்டினா, அது நிஜமா வெட்டறதில்ல. மேல ஒரு திரையைப் போட்டு மறைச்சுக் காட்டும். அடியில முழுசும் அப்படியே இருக்கும். உங்க மருமகன் வெட்டினதை எடுக்காம அடியில இருந்ததை எடுத்துட்டாரு. அவரு கம்ப்யூட்டர்லயும் திறந்திருக்காது, பார்க்காமலே கொடுத்திருக்காரு."

"என்னிக்கு எடுத்ததுன்னு தெரியுமா?"

அவள் எதையோ அழுத்தினாள். "மார்ச் பதினொண்ணு. செவ்வாய்க்கிழமை."

அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரியில் அவருடைய கண்ணில் கத்தி வைத்தார்கள். காலையில் காரில் கொண்டுபோய் விட்டவன் சார்பொங். இரண்டு கண்ணிலும் கட்டோடு படுத்திருந்தவருக்குச் சாயங்காலம் கினிக்கோழி சூப் கொண்டுவந்து, கரண்டி கரண்டியாக ஊட்டியவனும் அவன்தான். குடித்து முடித்து, தடவிப் பார்த்து அவன் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்தார். அந்தத் தலை அன்று மத்தியானம் எங்கே இருந்தது என்பதைத்தான் இப்போது பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் போனை எடுத்தார். "சார்பொங், அச்சுக்கடைக்கு வா. உடனே."

கால் மணி நேரத்தில் வந்துவிட்டான். கறுப்புச் சட்டை, கையில் இரண்டு போன். வாசலிலேயே பேச்சு. "என்ன மாமா, அம்மாவைக் கறுப்பா அடிச்சிட்டாங்களா? செர்வாக்கா, எங்க அம்மாவைப் பார்த்து அடி, பெரிய இடத்துப் பொம்பள…" திரையைப் பார்த்ததும் நாக்கு நின்றது.

"நார் எந்தப் பக்கம் நீளமா அறுந்துச்சு?" என்று கேட்டார் யாவ் அடார்க்வா.

"மாமா, இது…"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. உன் பக்கமா, அவன் பக்கமா?"

"வெளிய போய்ப் பேசலாம் மாமா. மூணாவது மனுஷங்க முன்னாடி வேணாம்."

"மூணாவது மனுஷனோட சேர்ந்து நாரை அறுக்கலாம். அவங்க முன்னாடி பேசத்தான் கூடாதா?"

செர்வா எழுந்து போகப் பார்த்தாள். பெரியவர் கையைக் காட்டி உட்கார வைத்தார்.

சார்பொங் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "உங்ககிட்ட கேட்டிருந்தா முடியாதுன்னுதான் சொல்லியிருப்பீங்க. அம்மாவோட வைத்தியத்துக்கு யார் கொடுத்தது? நாளைக்கு எனக்கு வரப்போற நிலம்தானே, கொஞ்சம் முன்னாடி…"

"உனக்கு வரப்போறது காவல் வேலைடா. நிலம் இல்ல."

"காவல்! மரவள்ளிக்குக் காவல்!"

"அந்த மரவள்ளியைத் தின்னுதான் நீ பள்ளிக்கூடம் போன." பெரியவர் மூச்சு வாங்கினார். கேட்க வேண்டாம் என்று ஒரு மனம் சொல்லியும் கேட்டார். "அவளுக்கு என்ன சொல்லி விரலைப் பிடிச்சு வெச்ச? ஆஸ்பத்திரிக் காகிதம்னு சொன்னியா?"

சார்பொங் கையிலிருந்த போன்களைச் சட்டைப் பையில் போட்டான்.

"சொல்லு. என்ன பொய் சொன்ன அவகிட்ட?"

"பொய் சொல்லல மாமா." முதல் முறையாக அவரை நேராகப் பார்த்தான். "நாள் குறிச்சதே அம்மாதான். 'அண்ணனுக்குக் கண்கட்டு அவிழ்க்கறதுக்குள்ள முடிச்சிடு'ன்னாங்க. அந்தக் கெந்தேயை அவங்களே பெட்டியிலேருந்து எடுத்துக் கட்டிக்கிட்டாங்க."

அந்தக் கெந்தே அவர் வாங்கிக் கொடுத்தது. பதவியேற்ற வருஷம், பொன்வயர் கிராமத்தில் நெசவுக்காரன் தறியருகிலேயே நின்று அவளுக்காக நெய்ய வைத்தது.

யாவ் அடார்க்வா மறுபடியும் படத்தைப் பார்த்தார். அவள் நாரைப் பார்க்கவில்லை, காகிதத்தைப் பார்க்கவில்லை. படம் எடுப்பவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். சாவதற்கு இரண்டு நாள் முன்பு அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, அவன் மேல கோபப்படாதே" என்று சொன்னாள். அவன் மருந்து வாங்கிவரத் தாமதித்ததற்காகச் சொல்கிறாள் என்று நினைத்து, "இதுக்கெல்லாமா கோபப்படுவேன்?" என்று அவர் அவள் நெற்றியைத் தடவினார். மருமகன் செய்த துரோகத்தைத் தாங்க அவரிடம் முதுகெலும்பு இருந்தது. இதற்கு எங்கே பிடித்துக்கொண்டு நிற்பது என்று தெரியவில்லை. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

சார்பொங் குரலைத் தாழ்த்தினான். "மாமா, சனிக்கிழமை ஊரே வருது. நீங்கதானே எப்பவும் சொல்வீங்க, வீட்டு விஷயம் வீட்டைத் தாண்டக் கூடாதுன்னு. பேனரை அடிச்சு மாட்டுவோம். அம்மாவை மரியாதையா அனுப்பி வைப்போம். அப்புறம் உட்கார்ந்து பேசிக்கலாம்."

உண்மைதான். நாற்பது வருஷமாக அவர் அப்படித்தான் செய்திருக்கிறார். ஒரு மருமகள் ஓடிப்போனதை மறைத்திருக்கிறார். ஒரு தம்பி சிறைக்குப் போனபோது அபிஜானுக்கு வேலைக்குப் போயிருக்கிறான் என்று சொல்லியிருக்கிறார். ஆனால் இது அப்படிப்பட்டது இல்லை. குடும்பத் தலைவனின் கை படாத விற்பனை செல்லாது. அதே சமயம், தெரிந்த பிறகும் தலைவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் அதுவே சம்மதம் ஆகிவிடும். ஒடுரோவின் பந்தலில், ஒடுரோவின் நாற்காலியில் அவர் சனிக்கிழமை உட்கார்ந்தால் போதும். வேறு கையெழுத்தே வேண்டாம்.

"செர்வா."

"சொல்லுங்க பெரியவரே."

அவர் மடியிலிருந்து ஒரு பழைய பாஸ்போர்ட் சைஸ் படத்தை எடுத்தார். அதில் அமா ஃபோஃபிக்கு ஐம்பது வயது இருக்கும். சிரிப்பு இல்லை. "பேனருக்கு இதைப் போடு."

"இது பெருசாக்கினா மங்கலா வருமே."

"மங்கலாவே வரட்டும். அந்தச் சிரிப்பு ஒரு வியாபாரத்துக்காகச் சிரிச்சது. அதை நாற்சந்தியில மாட்ட மாட்டேன்." பிறகு திரையைக் காட்டினார். "இந்தப் படத்தை எந்த மெஷின்லயும் திறக்கற மாதிரி பென் டிரைவ்ல போட்டுக் கொடு. கோர்ட்டு குமாஸ்தாகிட்டயும் ஒரு கிழட்டு மெஷின்தான் இருக்கும்."

"போடறேன். ஆனா மாத்தாத அசலையும் அழிச்சிடாதீங்க. தேதிக்கு அதுதான் சாட்சி."

"சரி. இருபத்திரண்டு காகிதத்துல அச்சும் போடு. நிலத்துல பயிர் பண்றவங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு."

"மாமா!" என்றான் சார்பொங்.

செர்வாவின் விரல் பொத்தானுக்குப் போயிற்று. பெரியவர் தடுத்தார். அதுவரை நிமிர்ந்திருந்த தோள் சற்றே இறங்கியது.

"கொஞ்சம் இரு. அவ… அந்த ஓரத்துல உட்கார்ந்திருக்கறவ. அவளை மட்டும் விட்டுட்டு அடிக்க முடியுமா?"

"முடியும்." செர்வா சுட்டியை இழுத்தாள். படத்தின் மேல் ஒரு சட்டம் விழுந்தது. அதன் விளிம்பு நகர்ந்து நகர்ந்து அமா ஃபோஃபியின் தோளை, மணியை, சிரிப்பை ஒவ்வொன்றாக இருட்டுக்குள் தள்ளியது. மிச்சம் இருந்தது இரண்டு ஆண்கள், ஒரு நார், மேசை ஓரத்தில் ஒரு நீலக் கட்டைவிரல். "அந்த விரலையும் எடுத்துடவா?"

சார்பொங் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் ஒரு லேசான நிம்மதி வந்ததைப் பெரியவர் கண்டார். தனக்குப் பழக்கமான வேலையை இன்னொருவர் செய்வதைப் பார்க்கிறவனின் நிம்மதி.

"வேணாம்" என்றார் யாவ் அடார்க்வா. "சட்டத்தை எடுத்துடு. முழுசா அடி."

அச்சு இயந்திரம் முனகிக்கொண்டு காகிதங்களைத் தள்ளியது. ஒவ்வொன்றிலும் அவள் சிரித்தபடி வந்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கடைசிக் காகிதம் வரும்வரை நின்று, அடுக்கித் தட்டி, கறுப்புத் துணியின் மடிப்புக்குள் வைத்துக்கொண்டார்.

"கார் வெளிய நிக்குது மாமா. நான் கொண்டு போய் விடறேன்."

"அந்தக் கார்ல நான் ஒரு தடவை கண்ணைக் கட்டிக்கிட்டு வந்தது போதும்" என்றார் அவர். "ஒடுரோகிட்ட சொல்லு, பந்தலைப் பிரிச்சு எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லு. என் தங்கச்சிக்கு நாங்க வெயில்லயே நிப்போம்."

தெருவில், குடும்ப நிலத்து வழியாக எஜிசு போகும் வேன்காரன் ஊர்ப்பேரைக் கூவிக்கொண்டிருந்தான். யாவ் அடார்க்வா கையை உயர்த்தி வேனை நிறுத்தினார்.