பதினைந்து நிமிட மீன்

என் மனைவியின் தம்பி ஏரி மீன்பிடிப்போர் சங்கத்துக்குச் செயலாளர் ஆன அன்றே அந்த ஏரியின் மீன்களுக்காக நான் இரக்கப்பட்டேன். சங்கத்தில் நூற்றுப் பன்னிரண்டு உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அவர்களுள் தூண்டிலில் புழுவைக் கோக்கத் தெரியாத ஒரே மனிதர் அவர். புழுவைத் தொட அருவருத்துக் கைக்குட்டையால் பிடித்துக் கோப்பார். பாதிப் புழு கைக்குட்டையிலேயே தங்கிவிடும். ஆனால் மேடையில் ஏறிவிட்டாரானால் அவர் பிடிக்காத மீன் இல்லை. அந்தப் பேச்சுக்குக் கைதட்டிய உறுப்பினர்கள் தட்டிய கையோடு அவரைச் செயலாளரும் ஆக்கினார்கள். கைதட்டுவதற்கு இரண்டு கைகள் போதும், வேறொன்றும் தேவையில்லை.

படகுத்துறையை ஒட்டிச் சங்கத்துக்கு ஒரு சாப்பாட்டுக் கூடமும் அதன் பின்புறம் ஒரு சமையலறையும் உள்ளன. அந்தச் சமையலறையை மூன்று ஆண்டுகளாகக் குத்தகைக்கு எடுத்து நடத்துபவள் என் மகள். அவளுக்கும் அவளுடைய இரண்டு பெண் குழந்தைகளுக்கும் சோறு போடுவது அந்த அடுப்புதான். குத்தகை இந்த மாதத்தோடு முடிய இருந்தது. தாய்மாமன் செயலாளராக இருக்கும்போது அவளுக்கு என்ன கவலை என்று அக்கம்பக்கத்தார் கேட்டார்கள். அவர்களுக்கு என் மைத்துனரைத் தெரியாது. சொந்தக்காரிக்குச் சலுகை காட்டினார் என்ற பேச்சு வந்துவிடக் கூடாதாம்! ஆகவே, உலகத்தில் வேறு எந்தச் சமையற்காரருக்கும் இல்லாத ஒரு நிபந்தனையை அவளுக்கென்றே கண்டுபிடித்தார். ஏரியிலிருந்து எடுத்த மீன் பதினைந்து நிமிடத்துக்குள் வெந்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில் ஏழு பேர் கொண்ட செயற்குழு வந்து உண்டு பார்க்கும். குழுவுக்குப் பிடித்தால் குத்தகை அவளுக்கு. பிடிக்காவிட்டால், பொட்டலத் தீனியைச் சுடவைத்து விற்கும் ஒருவன் ஏற்கெனவே மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தான்.

"அத்தான், மீன்னா ஃப்ரெஷ்ஷா இருக்கணும். ஏரியில போட்ட முழுக்கு காயறதுக்குள்ள தட்டுக்கு வந்துடணும்" என்று அவர் என்னிடம் விளக்கினார்.

மீன் எப்போது முழுக்குப் போட்டது, எப்போது கரையேறித் துவட்டிக்கொண்டது என்று நான் கேட்கவில்லை. மகளுடைய பிழைப்பு அவர் கையில் இருந்தது.

என் மகளின் முறையோ இதற்கு நேர்மாறானது. படகோட்டி கொண்டுவரும் மீனை அவள் உடனே தலையில் ஒரே அடி அடித்துக் கொன்று, செவுளை அறுத்து இரத்தத்தை வடித்துவிடுவாள். குடலை நீக்கி, நொறுக்கிய பனிக்கட்டிக்குள் புதைத்துப் பெட்டியை மூடிவிடுவாள். மறுநாள்வரை அதன் பக்கம் போகமாட்டாள். செத்த மீன் முதலில் கட்டைபோல விறைக்கும். அந்த விறைப்பு தானாகத் தளர்ந்த பிறகே அவள் கத்தியை எடுப்பாள். காரணத்தை ஒருமுறை கேட்டேன்.

"அதுக்கு இன்னும் கோவம் தீரலப்பா. இப்பவே அறுத்துச் சட்டியில போட்டா முறுக்கிக்கும். ஒரு நாள் ஐஸ்ல கிடந்தா சாந்தமாயிடும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் மகளுக்குத் துணையாகச் சமையலறையில் இருந்தேன். பதினொரு மணிக்கு என் மைத்துனர் உள்ளே நுழைந்தார். ஓட்டப்பந்தய நடுவர்கள் அணியும் கடிகாரம் ஒன்று அவர் கழுத்தில் தொங்கியது. பின்னால் படகோட்டி வாளியோடு வந்தான். வாளிக்குள் முழங்கை நீளத்தில் மீன் ஒன்று சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

"மாமா, இந்த மீன் வேண்டாம். இன்னிக்கு இது சரிவராது. பெட்டியில நேத்து மீன் இருக்கு" என்றாள் மகள்.

"நேத்து மீனா? பாப்பா, நீ பொறந்தப்போ உன்னை முதல்ல கையில வாங்கினவன் நான். எனக்கே மீன் சொல்லித் தர்றியா?"

"என்னை வாங்கினதுக்கும் மீனுக்கும் என்ன மாமா சம்பந்தம்?"

"நகரு. நானே செஞ்சு காட்டறேன். பாத்துக்க!"

கடிகாரத்தை அழுத்திவிட்டுக் கத்தியை எடுத்தார். அதன் பிடியால் மீனை அடித்தார், அடி மேசைமேல் விழுந்தது. மீன் வழுக்கிக்கொண்டு தொட்டிக்கு அடியில் போயிற்று. சங்கத்தின் செயலாளர் முழந்தாளிட்டு அதைத் தேடியபோது படகோட்டி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அவனுடைய தோள்கள் மட்டும் குலுங்கின. நான்காம் நிமிடத்தில் மீன் அகப்பட்டது. அதன்பின் நடந்ததை அறுப்பு என்று சொல்வதற்கு எனக்கு மனம் வரவில்லை. முதுகெலும்பை ஒட்டிப் போகவேண்டிய கத்தி நினைத்த இடத்திலெல்லாம் உள்ளே போய், நினைத்த இடத்திலெல்லாம் வெளியே வந்தது. எப்படியோ இரண்டு துண்டுகள் தேறின. பலகைமேல் கிடந்த அவற்றின் சதை இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.

"பாத்தியா, உயிரோட இருக்கு!" என்று பெருமைப்பட்டார்.

துண்டுகளைக் குழாயடியில் கழுவி, நீர் சொட்டச் சொட்ட, சரியாகக் காயாத எண்ணெயில் போட்டார். எண்ணெய் வெடித்தது, செயலாளர் படகோட்டியின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினார். மீன் துண்டுகள் ஓரங்களை உள்ளே இழுத்துக்கொண்டு, நடுவில் எழும்பி, வெயிலில் கிடந்த பழஞ்செருப்பைப்போலச் சுருண்டன. தோசைத் திருப்பியால் அமுக்கினார். எடுத்ததும் மறுபடி சுருண்டன. புரட்டினார், தோல் வாணலியோடு இருந்துவிட்டது.

"பதினாலு நிமிஷம், நாப்பது செகண்டு!" என்று கூவினார். கூவிய பிறகுதான் வாணலியைப் பார்த்தார்.

பிறகு என் மகள் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, இதைக் கொஞ்சம் சரி பண்ணிக் குடேன்."

"சரி பண்றதுக்கு இது என்ன சைக்கிளா மாமா? நேத்து மீனையே போடறேன். ஆனா அவங்ககிட்ட நேத்து மீன்னு நீங்களே சொல்லிடணும்."

"சொல்லிக்கலாம், சொல்லிக்கலாம்" என்றபடியே கூடத்துக்கு நழுவினார்.

மகள் பெட்டியைத் திறந்து மீன்களை எடுத்தாள். செவுளுக்குப் பின்னால் கத்தியை வைத்து முதுகெலும்புவரை இறக்கி, அங்கே திருப்பி, எலும்பின்மேலேயே கத்தியைப் படுக்கவைத்து வால்வரை ஒரே இழுப்பாக இழுத்தாள். தளர்ந்திருந்த சதை முழுப் பாளமாகக் கழன்று வந்தது. விரல் நுனியால் தடவி, தட்டுப்பட்ட முள் ஒவ்வொன்றையும் சிறு இடுக்கியால் பிடுங்கினாள். உப்புத் தூவிக் கால்மணி நேரம் வைத்தாள். கசிந்த நீரைத் துணியால் ஒற்றி எடுத்தாள். எண்ணெய் நன்றாகக் காய்ந்த பின்னர்த் தோல் கீழாக இட்டு, பத்து எண்ணும்வரை அமுக்கிப் பிடித்தாள். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மீன் தானாகவே வாணலியை விட்டு விலகியது. செயற்குழுவுக்கு ஏழு தட்டுகளும், என் மைத்துனருக்கும் எனக்கும் ஒவ்வொன்றும் போயின. என் மைத்துனர் இத்தனை நேரமும் கூடத்தில் சொற்பொழிவு ஆற்றிக்கொண்டிருந்தார். கடிகாரத்தை எவரும் பார்க்கவில்லை.

"கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி ஏரியில நீந்திக்கிட்டிருந்த மீனுங்க இது!" என்று அவர் அறிவித்தார். முதல் வாய் உண்ணும்போது அது பொய் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மூன்றாம் வாயில் அவரே அதை நம்பிவிட்டார்.

செயற்குழுவில் தராசுநாக்கு என்று எல்லாரும் அழைக்கும் ஒருவர் உண்டு. தம் நாக்கு கடுகளவும் தவறாது என்று அவரே நாற்பது ஆண்டுகளாகச் சொல்லிவருவதால் வந்த பட்டம் அது. அவர் கண்களை மூடி மென்றார்.

"இதுதான்யா ஃப்ரெஷ்ஷு! நேத்து மீனா இருந்திருந்தா வாசனையிலயே பிடிச்சிருப்பேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றேன். "ஐயா, நீங்க சாப்பிடறது நேத்து மீன். செயலாளர் செஞ்ச இன்னிக்கு மீன் உள்ளே வாணலியில ஒட்டிக்கிட்டுக் கிடக்கு" என்றேன்.

கூடமே சிரித்தது.

"அத்தானுக்கு எப்பவும் என் மேல ஒரு பொகைச்சல்" என்று என் மைத்துனர் தண்ணீர் குடித்தார்.

"உங்க அப்பா சொல்றது உண்மையாம்மா?" என்று தராசுநாக்கு சமையலறை வாசலைப் பார்த்துக் கேட்டார்.

அங்கே என் மகள் நின்றிருந்தாள். நான் செய்த காரியம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆம் என்றால் நிபந்தனையை மீறியவள் ஆவாள், அடுப்பு போய்விடும். இல்லை என்றால், கண்முன்னே தகப்பனைப் பொய்யன் ஆக்க வேண்டும். அவள் உள்ளே போய், அந்தச் சுருண்ட துண்டுகளை ஒரு தட்டில் கொண்டுவந்து மேசை நடுவில் வைத்தாள்.

"அப்பா சொன்னது சரிதான். நீங்க சாப்பிட்டது நேத்து மீன். இதுதான் இன்னிக்கு மீன். தின்னு பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க" என்றாள். தட்டை விட்ட கை முந்தானையைப் பிடித்துக்கொண்டது.

தராசுநாக்கு ஒரு துண்டைக் கடித்தார், இழுத்தார், மறுபடி கடித்தார். பல் செட்டு இடம் மாறியதால் வாயை மூடிக்கொண்டு சரிசெய்தார். பிறகு வெற்றிச் சிரிப்போடு எல்லாரையும் பார்த்தார்.

"தோல் மாதிரி இருக்கு. இதுதான் நேத்து மீனு! பொண்ணு பயத்துல தட்டை மாத்திச் சொல்லுது."

"அதானே!" என்றன ஆறு வாய்கள். ஏழாவதாக, அந்த மீனைத் தம் கையால் அறுத்து, தம் கையால் கெடுத்த என் மைத்துனரும் தலையை ஆட்டினார்.

நான் மறுபடி எழ முயன்றேன். மகள் என் தோளில் கைவைத்து அமுக்கினாள். சற்றுமுன் மீனை அமுக்கிய அதே அளவு அழுத்தம்.

"மாமா, குத்தகை எனக்குத்தானே?"

"உனக்கேதான் பாப்பா! நிபந்தனை மட்டும் அப்படியே இருக்கும்."

"இருக்கட்டும். ஆனா மீனை நான் அறுக்கற பலகையில வெச்ச நேரத்திலேருந்து கணக்கு வெச்சுக்கங்க. முன்னாடி அது எங்க கிடந்துச்சுன்னு யாரும் கேக்கக் கூடாது. அதையும் எழுதிடுங்க."

"அவ்வளவுதானே? எழுதிட்டாப் போச்சு" என்று என் மைத்துனர் பெருந்தன்மையோடு கையை வீசினார். ஒப்பந்தத்தை எழுதும் வேலை எனக்கு வந்தது. எழுதினேன். முழுவதையும் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள் என்றேன். முதல் வரியில் தம் பெயரும் பதவியும் இருப்பதைப் பார்த்ததோடு அவர் திருப்தி அடைந்துவிட்டார்.

இப்போதும் ஞாயிறுதோறும் கடிகாரத்தோடு வருகிறார். பனிக்கட்டிப் பெட்டியிலிருந்து மீன் பலகைக்கு வருவதைக் கண்ணாரப் பார்க்கிறார். பார்த்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்துகிறார். உப்புத் தூவிக் காத்திருக்க இப்போது நேரம் இல்லை என்பதால் என் மகள் அந்தக் கால்மணியை இரண்டு நிமிடமாகக் குறைத்துவிட்டாள். மீன் பன்னிரண்டாம் நிமிடத்தில் வெந்துவிடுகிறது. "பாத்தீங்களா, என் ரூலு!" என்று கூடத்துக்கு ஓடுகிறார். தராசுநாக்கு கண்களை மூடிக்கொள்கிறார்.

நேற்று இதையெல்லாம் மகளிடம் சொல்லிப் பொருமினேன். அவள் பனிக்கட்டியை நொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"உங்களையும் ஒரு நாள் இதுக்குள்ள வெச்சு எடுக்கணும்ப்பா" என்றாள்.

பெட்டியின் மூடியை நான்தான் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.