ரேஷன் கடை முக்கில் விழுந்த பொட்டுகள்

"ரொம்ப நல்லா இருந்துச்சுங்க."

நான் போன் பண்ணிக் கேட்ட அத்தனை பேரும் இதையேதான் சொன்னார்கள். கோவையில் துடியலூருக்கு உள்ளே தள்ளி ஒரு காலனி. போன வாரம் அங்கே பெண்களை உட்காரவைத்து, அவர்கள் தெருவை அவர்களையே வரையச் சொன்னோம். ஒரே ஒரு விளக்குக் கம்பம் நட ஒரு டிரஸ்ட் பணம் தருகிறது. எங்கே இருட்டு பயமோ அங்கே ஸ்டிக்கர் பொட்டு ஒட்டச் சொன்னோம். எல்லாப் பொட்டும் ரேஷன் கடை முக்கிலேயே விழுந்தது. எங்கள் தொண்டு நிறுவன மேலாளர் பிரவின்குமார் கைதட்டினார். "என்ன ஒற்றுமை பாரு!"

கூட்டம் எப்படி இருந்தது என்று போனில் கேட்டு டிக் அடித்தால் போதும் என்றார். எனக்குப் போதவில்லை. பஸ் ஏறிப் போனேன். ரேஷன் கடை முக்கில் ஏற்கெனவே ஒரு கம்பம் நின்றது, லைட்டோடு.

நேராகச் சித்திகா வீட்டுக்குப் போனேன். வீட்டிலேயே நைட்டி தைப்பவர், அன்று பொட்டு ஒட்டியவர்களில் ஒருவர்.

"ஏனுங்க்கா, லைட்டு இருக்கற எடத்துலயா பொட்டு வெப்பீங்க?"

"நாங்க பொட்டே வெக்கறதில்லீங்க அம்மணி. உங்களுக்காக ஒண்ணு வெச்சா, அதுக்கும் சண்டைக்கு வாரீங்களே!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "நெசமா உங்களுக்கு எங்க பயம்?"

அவர் மிஷினை நிறுத்தினார். "மண்டபத்துப் பின்சந்துதானுங்க. எம் பொண்ணு அஃப்ரா கம்ப்யூட்டர் கிளாஸ் முடிஞ்சு அப்படித்தான் வரணும். ரெண்டு பேரு பைக்கை அணைச்சுப்போட்டு அங்க நிப்பானுக. கிளாசை நிறுத்திருன்னு அவங்க அத்தா சொல்லிட்டாரு."

என் வீட்டில் முதலில் காலேஜ் போனவள் நான். நிறுத்திரு என்று சொல்வது எத்தனை சுலபம் என்று எனக்குத் தெரியும்.

"இதை அன்னைக்கே சொல்றதுக்கென்ன?"

"லட்சுமியம்மா மொதல்ல வெச்சாங்க. பெரியவங்க வெச்ச எடத்தை உட்டுப்போட்டு வேற எடத்துல வெச்சா மரியாதையாங்க?"

பக்கத்து வீட்டுப் பழனாத்தாளும் அதையே சொன்னார். ஒரு பெண்ணின் படிப்பு போகலாம், மரியாதை மட்டும் போகக்கூடாதாம்! தெருவில் நின்றே பிரவின்குமாரைப் போனில் கூப்பிட்டு, கம்பத்தைச் சந்துக்கு மாற்றச் சொன்னேன்.

"மேப் ஃபைனல் ஆயிடுச்சு. சாயங்காலம் டிரஸ்ட்டுக்கு அனுப்பறேன். நாம மாத்தினா அந்த லட்சுமியம்மா சண்டைக்கு வரும்."

"அந்தம்மாகிட்டயே கேட்டுக்கறேன்" என்று கட் பண்ணினேன்.

லட்சுமியம்மாள்தான் அந்தத் தெருவில் மூத்தவர். மருமகளிடம் தெலுங்கிலும் என்னிடம் தமிழிலுமாகப் பேசிக்கொண்டே டிவி பார்த்துக்கொண்டிருந்தார். நான் சண்டைக்குத் தயாராகத்தான் போயிருந்தேன். வரைபடத்தின் போட்டோவை நீட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"பொட்டெல்லாம் இருக்கே, இது எந்த எடம் கண்ணு?"

"ரேஷன் கடைங்க."

"அய்யய்யோ! நான் மண்டபத்துச் சந்துன்னு நெனச்சுத்தானே வெச்சேன்! அன்னைக்குக் கண்ணாடியை ஊட்டுலயே வெச்சுப்போட்டு வந்துட்டேன். எனக்குப் பொறவு எல்லாரும் அங்கயே வெச்சாங்களா, செரி, நாம வெச்சது சரியாத்தான் இருக்குதுன்னு இருந்துட்டேன்."

வந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. தரையில் உட்கார்ந்து சிரித்தேன். அவரே என் போனில் பிரவின்குமாரிடம் பேசினார்.

"ஏனுங்க தம்பி, நாந்தான் கண்ணு தெரியாம வெச்சுப்போட்டேனுங்க. மண்டபத்துச் சந்துக்கு மாத்தீருங்க. நான் சொன்னாப் போதுங்களா, இல்ல எல்லாரையும் கூட்டிட்டு ஆபீசுக்கே வரட்டுங்களா?"

"வேண்டாங்கம்மா, இப்பவே மாத்தீர்றேன்."

என்னிடம் முடியாது என்றவர்தான். அதை நாளைக்கு அவரிடம் வைத்துக்கொள்கிறேன்.

லட்சுமியம்மாள் என்னைக் கூட்டிக்கொண்டு சித்திகா வீட்டுக்கு நடந்தார். "ஏம்மா, நான் கெணத்துக்குள்ள பொட்டு வெச்சிருந்தா நீயும் கெணத்துலயா வெச்சிருப்பே?"

"உங்களுக்குப் பக்கத்துலயேதானுங்க!"

ரெண்டு பேரும் சிரித்து முடிக்கிறவரை காத்திருந்து, கம்பம் சந்துக்குத்தான் வருகிறது என்று நான் சொன்னேன். சித்திகா உடனே கணவருக்குப் போன் போட்டார்.

"ஏனுங்க, சந்துக்கு லைட்டு வருதுங்க. நடற வரைக்கும் நானே போய்ப் புள்ளையக் கூட்டியாரேன். கிளாசை நிறுத்த வேண்டாங்க."

அந்தப் பக்கம் அவர் கொஞ்சம் இழுத்தார். சித்திகா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"செரின்னுட்டாருங்க" என்றார்.