சிவப்பைத் தொடும் ஊசி

வியாழக்கிழமை காலை பத்தே முக்காலுக்குக் காரின் சூட்டைக் காட்டும் ஊசி மறுபடியும் சிவப்பைத் தொட்டது.

அசேன் காரைப் பெட்ரோல் பங்குக்குள் ஒதுக்கினான். எஞ்சினை நிறுத்தவில்லை. ஜூலை வெயிலில் ஹீட்டர் முழு வேகத்தில் அனல் காற்றை முகத்தில் ஊதிக்கொண்டிருந்தது. எஞ்சின் சூட்டை உள்ளே இழுத்துவிட்டால் ஊசி இறங்கும் என்பது ஊரறிந்த வைத்தியம். ஊசி இறங்கவில்லை. ஹீட்டரைப் போட்ட பிறகுதான் முக்காலில் இருந்தது சிவப்புக்கே போனது.

பக்கத்து இருக்கையில் ஸ்தாமென் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான். அசேனின் முன்னாள் மனைவி ரொசிட்சாவின் தம்பி. ஸ்லிவென் நகரில் மெக்கானிக். மணமுறிவுக்குப் பிறகும் மச்சான் என்றுதான் கூப்பிடுவான். கார் வேலையும் அவனிடம்தான்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"இப்ப என்ன சொல்ற?"

"மெதுவா ஓட்டியிருக்கலாம்."

அசேன் ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டான்.

கடலுக்குக் கிளம்பி இப்படி ஆனது மே மாதம் ஒரு முறை, ஜூனில் ஒரு முறை. இரண்டு தடவையும் மகள் வெசெலா பின்னிருக்கையில் இருந்தாள். இரண்டு தடவையும் பாதி வழியில் கார்னோபாத்தைத் தாண்ட முடியவில்லை. இரண்டாம் தடவை மகளும் அப்பனும் சாலையோர நிழலில் மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். ரொசிட்சா வேறொருவர் காரில் வந்து மகளை அழைத்துப் போனாள்.

கோடையில் ஒரு வாரம் குழந்தை அவனுடையது. புர்காஸுக்கு அப்பால் கடலோரத்தில் கூடாரம் போட்டுத் தூங்க வேண்டும் என்பது வெசெலாவின் ஆசை. கூடாரம், அடுப்பு, காற்றடைத்த படகு. இதையெல்லாம் பஸ்ஸில் ஏற்ற முடியாது. சனிக்கிழமை கிளம்ப வேண்டும். கார் சரியாகவில்லை என்றால் வெசெலா அந்த வாரம் மலை முகாமுக்குப் போவாள் என்று ரொசிட்சா சொல்லிவிட்டாள். அங்கே ஓர் இடம் காலியாக இருந்தது. இன்று மதியத்துக்குள் முகாம்காரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஸ்தாமென் சும்மா இருக்கவில்லை. முதலில் தெர்மோஸ்டாட்டை மாற்றினான். பிறகு சென்சார். அந்தக் காரில் சூட்டைப் பார்க்க இரண்டு சென்சார்கள். ஒன்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது, இன்னொன்று ஊசிக்குச் சொல்வது. முதல் தடவை கம்ப்யூட்டருடையதை மாற்றிவிட்டு, ஊசி ஏன் ஏறுகிறது என்று யோசித்தான். அடுத்து ஊசியுடையது. அடுத்து அதற்குப் போகும் வயர். அடுத்து ரேடியேட்டர் மூடி. ஒவ்வொன்றுக்கும் பிறகு காரைப் பட்டறை முற்றத்தில் ஓடவிட்டு, ஸ்டூல் போட்டு உட்கார்ந்து புகைப்பான். ஊசி நடுவில் ஆணி அடித்தது மாதிரி நிற்கும்.

ஸ்தாமென் சாலையில் ஓட்டிப் பார்த்ததில்லை. வேகமாகப் போனதற்காக ஏப்ரலில் போலீஸ் அவன் லைசென்ஸைப் பிடுங்கி வைத்திருந்தது.

"எங்கிட்ட இருந்தா குளுகுளுன்னு இருக்கு. உங்கிட்ட வந்தா கொதிக்குது. கோளாறு கார்ல இல்ல மச்சான், கால்ல" என்பான். அதையே அக்காவிடமும் சொல்லியிருந்தான். அசேன் வண்டியை மாடு மாதிரி விரட்டுகிறான் என்று.

இன்று காலை அசேன் பட்டறைக்குப் போய் அவன் சட்டையைப் பிடித்துக் காரில் ஏற்றியிருந்தான்.

ஸ்தாமென் இறங்கி பானெட்டைத் திறந்தான். ஆவி இல்லை. கருகல் வாடை இல்லை. ரேடியேட்டருக்குப் போகும் குழாயைத் துணியால் பிடித்து அமுக்கினான்.

"இங்க வா. கொதிச்சா இது கல்லு மாதிரி இருக்கணும். அமுங்குது பாரு."

"அப்ப ஊசி பொய் சொல்லுதா?"

"சென்சார் புதுசு."

"எந்த சென்சாரு? நீ தப்பா மாத்தினதா, அப்புறம் மாத்தினதா?"

"ரெண்டுமே புதுசுதான மச்சான். உனக்கு லாபம்தான."

அசேன் இரண்டு கைகளையும் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டான். வெளியே இருந்தால் நீளும் என்று தெரிந்தது.

ஸ்தாமென் ஊசி சென்சாரின் வயரைக் கழற்றினான். "இப்ப பாரு."

"அடியில விழுந்துடுச்சு."

மாட்டினான். "இப்ப?"

"சிவப்பு."

"அப்ப வயரும் நல்லாத்தான் இருக்கு." கழுத்தைச் சொறிந்தான். "எல்லாம் நல்லா இருக்கு."

"எல்லாம் நல்லா இருக்கா? எல்லாம் நல்லா இருந்தா நான் எதுக்குடா இங்க நிக்கிறேன்?"

பங்கில் வேலை செய்யும் பெண் துடைப்பத்துடன் வெளியே வந்தாள். இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"லைட்டு எரியுது" என்றாள்.

"எஞ்சின் ஓடுதும்மா" என்றான் ஸ்தாமென்.

"ஓடட்டும். நான் லைட்ட சொன்னேன்."

அசேன் ஜன்னல் வழியே கையை விட்டு ஹெட்லைட்டை அணைத்தான், ஏதோ ஒன்றையாவது அணைக்க வேண்டும் போலிருந்ததால்.

ஊசி இறங்கியது. மெல்ல அல்ல. சிவப்பிலிருந்து முக்காலுக்கு, யாரோ தட்டிவிட்டது மாதிரி.

"ஸ்தாமென்."

"என்ன?"

"இங்க வா."

விளக்கைப் போட்டான். சிவப்பு. அணைத்தான். முக்கால். ஹீட்டர் விசிறியையும் நிறுத்தினான். ஊசி நடுவுக்கு வந்து அங்கேயே நின்றது.

எந்த எஞ்சினும் அப்படிக் கண் சிமிட்டும் நேரத்தில் குளிராது. ஸ்தாமென் வாயிலிருந்த விதைத் தோலைத் துப்பினான்.

அந்த நாட்டில் பகலிலும் விளக்குப் போட்டு ஓட்ட வேண்டும் என்பது சட்டம். சாலையில் ஏறும்போது கை தானாகப் போடும், இறங்கியதும் தானாக அணைக்கும். பட்டறை முற்றத்தில் பட்டப்பகலில் யார் விளக்குப் போடப் போகிறார்கள்?

"எர்த்து" என்றான் ஸ்தாமென். "எர்த்து போயிருக்கு. லைட்டும் விசிறியும் இழுக்கிற கரண்டு திரும்பிப் போக வழியில்லாம தவிக்குது. மீட்டர் குழம்பிப் போய் அதைச் சூடுன்னு காட்டுது."

"அப்ப ஹீட்டர் போட்டா?"

"இன்னும் ஏறும்."

மே மாதம் வெசெலா பின்னிருக்கையில் வியர்த்து வாடிக் கிடந்தது அசேனின் நினைவுக்கு வந்தது. அவன் ஹீட்டரைக் கூட்டிக்கொண்டே போயிருந்தான்.

ஸ்தாமென் டிக்கியிலிருந்து பேட்டரி கேபிளை எடுத்து வந்தான். ஒரு முனையை பேட்டரியின் மைனஸில் மாட்டினான். மறு முனையை பானெட் கீலில், பளபளத்த இரும்பில் அழுத்தினான். அசேன் விளக்கு, விசிறி இரண்டையும் போட்டான். ஊசி நடுவை விட்டு அசையவில்லை. ஸ்தாமென் கேபிளை எடுத்தான். சிவப்பு.

பேட்டரியிலிருந்து கார் உடலுக்குப் போகும் கறுப்பு எர்த்துப் பட்டையை விரலால் தடவிக்கொண்டே போனான். பேட்டரித் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு போல்ட்டில் அது முடிந்தது. விரல் அங்கே நின்றது.

அசேனும் குனிந்து பார்த்தான். தட்டைச் சுற்றிச் சாம்பல் நிறப் பெயிண்ட், தடிமனாக, வழவழவென்று. காரிலேயே அழகான இடம் அதுதான். போல்ட்டும் பட்டையும் இரும்பைச் சரியாகத் தொடாமல் அந்தப் பெயிண்டின் மேல் உட்கார்ந்திருந்தன.

"இது யாரு அடிச்சது?"

ஸ்தாமென் விரலை எடுத்துக்கொண்டான்.

"ஈஸ்டருக்கு முன்னாடி நீதான அடிச்ச. உனக்காக ஒரு வேலை பண்ணியிருக்கேன், காசு வேணாம்னு சொன்ன."

"துருப் பிடிச்சிருந்துச்சு மச்சான். ஓட்டை விழுந்திருக்கும்."

"நான் அதைக் கேக்கல. பெயிண்டுக்கு மேலயா போல்ட்ட முடுக்கின?"

"மூணு கோட்டு. நல்ல பெயிண்டு."

அசேன் நகர்ந்து போய்ப் பங்கின் சுவர் நிழலில் நின்றான். சாலையில் கடலுக்குப் போகும் கார்கள் போய்க்கொண்டிருந்தன. எல்லாவற்றிலும் விளக்கு எரிந்தது.

ஸ்தாமென் எஞ்சினை நிறுத்தினான். போல்ட்டைக் கழற்றி, கத்தியால் பெயிண்டைச் சுரண்டினான். இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை சுரண்டினான். பட்டையின் முனையையும் தேய்த்து, இறுக்கி முடுக்கினான். பிறகு எஞ்சினைக் கிளப்பி விளக்கு, விசிறி, வைப்பர், பின்கண்ணாடி ஹீட்டர் என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் போட்டான். வைப்பர் காய்ந்த கண்ணாடியில் கீச்சென்று இழுத்தது. ஊசி நடுவில் நின்றது.

மதியம் நெருங்கிவிட்டது. அசேன் ரொசிட்சாவுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

"சரியாயிடுச்சு" என்றான்.

"போன தடவையும் இதைத்தான் சொன்ன."

"இந்தத் தடவ நெசமாவே கண்டுபிடிச்சாச்சு."

"அதையும் போன தடவ சொன்ன. முகாம்காரங்க இன்னொரு போன்ல காத்துக்கிட்டு இருக்காங்க. நான் அவங்களுக்கு ஒரு பதில் சொல்லணும்."

"ரொசிட்சா, கேளு. நான் ஓட்டுற லட்சணத்துல தப்பு ஒண்ணும் இல்ல. காரைத்தான்..."

"நீ பேசாத. ஓட்டுறது நீ. உன்னைக் கேட்டு என்ன ஆகப்போகுது? ஸ்தாமென் அங்க இருக்கானா?"

"இருக்கான்."

"அவன்கிட்ட குடு."

ஸ்தாமென் துணியில் கை துடைத்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். அசேன் போனை நீட்டியபடியே நின்றான். கடைசியில் அவன் அதை வாங்கினான்.

"அக்கா."

"கார் ஓடுமாடா?"

"ஓடும்கா."

"புள்ளைய அனுப்பலாமா?"

"அனுப்பலாம்."

"ரெண்டு மாசமா ஒண்ணொண்ணா மாத்தின. ஒண்ணும் ஆகல. அவன் கால்தான் காரணம்னு எங்கிட்ட சொன்ன. இன்னிக்கு ஒரே காலையில எல்லாம் சரியாயிடுச்சுன்னு ரெண்டு பேரும் சேந்து சொல்றீங்க. அவனுக்காக நீ பொய் சொல்றியான்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

ஸ்தாமென் அசேனைப் பார்த்தான். அசேன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லுடா, என்னதான்டா கோளாறு இருந்துச்சு அதுல?"