பாதியில் நின்ற பக்கம்

...அத்திப்பழம் என்றால் சரி, பழுத்தால் விழும் என்பது மரத்துக்காரனுக்குத் தெரியும், விழுந்தால் நசுங்கிவிடும் என்பதும் தெரியும், ஆகவே விழுவதற்கு முன்பே மனதுக்குள் விட்டுவிட்டிருப்பான், வழியில் போகிறவன் எடுத்துத் தின்றால் திருட்டில்லை, ஆனால் தொலைந்ததே தெரியாதவன் கதி என்ன, தெரிந்தால் எப்படியும் ஆசையை விட்டுவிடுவான் என்பதற்காக இப்போதே விட்டுவிட்டதாக வைத்துக்கொள்ளலாமா, ஒரு ரபி ஆம் என்கிறார், இன்னொருவர் அதெப்படி என்கிறார், இந்த இடத்தில் எல்கானா சண்டைக்கு வரவேண்டும், வரவில்லையே... திர்சா தன் மூக்குக்கண்ணாடிக் கடையின் மேசையில் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தால்முத்தை விரித்து, தொலைந்த பொருள் யாருக்கு என்னும் பக்கத்தில் விரலை ஊன்றிக் காத்திருந்தாள். அந்தப் பக்கம் அவன் ஹைஃபாவில் ஆபீஸ் வாசலில், காருக்குள் உட்கார்ந்திருப்பான், மடியில் இதே பக்கம். காலை ஏழரைக்கு அவன் கூப்பிடுவான், ஒன்பதுக்கு அவள் ஷட்டரைத் தூக்குவதற்குள் அன்றைய தாள் முடிந்துவிடும், ஒரு நாளுக்கு ஒரு தாள், முழுதும் முடிய ஏழரை ஆண்டு, நான்குதான் ஆகியிருக்கிறது. கணவன் மனைவியாக ஆரம்பித்தது. இரண்டாம் ஆண்டில், யூத வழக்கப்படி மூன்று ரபிகள் முன்னால் விவாகரத்துப் பத்திரத்தை அவள் நீட்டிய கைகளில் போட்டான், சண்டை இல்லை, கூச்சல் இல்லை, ஒரே வீட்டில் இரண்டு பேர் தனியாக இருந்தார்கள், அவ்வளவுதான். மறுநாள் காலை ஏழரைக்கு ஃபோன் அடித்தது. "படிக்கிறத நிறுத்திடலாமா?" என்றான். "பாவம், பக்கம் என்ன பண்ணுச்சு?" என்றாள். அன்றும் படித்தார்கள்.

மகள் நாமா கேட்பாள், "அம்மா, நீ படிக்கிறியா, இல்ல அப்பாவ நலம் விசாரிக்கிறியா?" படிக்கிறேன் என்று இவள் சொல்வாள், முகம் சிவக்கச் சொல்வாள், ஏன் சிவக்க வேண்டும்... காளை முட்டினால், சுவர் இடிந்தால் யார் பொறுப்பு என்று பேசும் வரிகளுக்கு நடுவில் கடவுள் எங்கே இருக்கிறார் என்று முதல் வருடம் தேடினாள், பிறகு தேடுவதை விட்டுவிட்டாள், இருப்பார், ஏழரை மணிக்கு எல்லாம் இருக்கும். ஃபோனில் அவன் ஒரே வரியை இரண்டாம் தடவை வாசித்துக்கொண்டிருந்தான்.

"அதைத்தான் இப்ப படிச்ச."

"அப்படியா? சரி... திர்சா, அடுத்த வாரம் எனக்கும் ரோனித்துக்கும் கல்யாணம், தெரியும்ல."

"தெரியும். நாமா சொன்னா. நல்லா இருங்க."

"அதுக்கப்புறம் இது வேண்டாம்னு பாக்கறேன்."

எது என்று அவள் கேட்கவில்லை. ரோனித் தடுத்தாளா என்றுதான் கேட்டாள், தடுத்திருந்தால் நன்றாக இருக்கும், கோபப்பட ஒரு ஆள் கிடைக்கும்.

"அவ ஒண்ணுமே சொல்லல. எனக்குத்தான். உன்கூடப் படிச்சிட்டு அவளப் பாக்கப் போனா, எங்கயோ போயிட்டு ஒளிஞ்சு வர்ற மாதிரி இருக்கு. நீ தனியாவே படிக்கலாமே. என்னைவிட உனக்கு நல்லா வரும். பொம்பளைங்களுக்குன்னு வகுப்புகூட நடக்குதாம்."

வகுப்பாம். நான்கு வருடம் ஒரு வரிக்கு நான்கு முட்டுக்கட்டை போட்டவன் இப்போது வகுப்பைக் காட்டுகிறான், இவன் இல்லாமல் படித்தால் யார் 'நில்லு, அது எப்படி' என்பார்கள், இல்லை, இவனுக்காகவா படித்தேன், இவனுக்காக இல்லை என்றால் இவன் போவதில் எனக்கென்ன, இதை நாமா இப்போது கேட்டால்... வாயில் வந்தது வேறு.

"கிட்னில கல்லுன்னு ஆஸ்பத்திரில படுத்திருந்தியே, அப்ப மட்டும் நான் வேணும். ஃபோன்ல ரெண்டு மணி நேரம் ஒத்தையா படிச்சேன் உனக்கு. அப்ப ஒளிஞ்சு வர்ற மாதிரி இல்லையா?"

கார் சன்னலை ஏற்றும் சத்தம் கேட்டது.

"அன்னைக்கு நான் தூங்கிட்டேன், திர்சா. ஊசி போட்டிருந்தாங்க. நீ முதல் வரி ஆரம்பிச்சது ஞாபகம் இருக்கு. முழிச்சப்ப ஃபோன் போர்வைக்கு அடியில கிடந்துது. நீ சந்தோஷமா இருந்த, அதான் சொல்லல."

"சரி. ஆபீஸுக்கு நேரமாகும் உனக்கு."

"இன்னும் பாதிப் பக்கம் இருக்கே?"

"இருக்கட்டும்" என்று அவளே ஃபோனை வைத்தாள். நான்கு வருடத்தில் பக்கம் பாதியில் நின்றது இதுதான் முதல் தடவை. கடையில் நாலு சுவரிலும் வெறும் ஃபிரேம்கள், கண்ணில்லாத கண்ணாடிகள், அவற்றைப் பார்க்கவும் கோபமாக இருந்தது. தூங்கினானாம். அந்த இரண்டு மணி நேரம்தான் நான்கு வருடத்தில்... எப்படிச் சொல்வது, அன்று சமையலறையில் நின்றபடி படித்தாள், அடுப்பில் சூப் வற்றிக் கரிந்ததுகூடத் தெரியவில்லை, ஃபோனுக்கு அந்தப் பக்கத்தில் யாரோ ஒரு சொல் விடாமல் கேட்கிறார்கள் என்று உடம்பு முழுக்கத் தெரிந்தது, கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் இவன் இப்படிக் கேட்டதில்லையே என்று அழுகை வந்தது, பிரிந்த பிறகாவது கேட்கிறானே என்று அவனை அன்று முழுசாக மன்னித்தாள். மன்னிப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா? போர்வைக்கு அடியில் கிடந்த ஃபோனுக்கா அவ்வளவும்? எட்டரை. போனால் போகட்டும் என்று புத்தகத்தை மூடினாள், மூடிய அட்டைமேல் கை அப்படியே இருந்தது, பிறகு திறந்தாள், விட்ட வரியைச் சத்தமாக வாசித்தாள், தன் குரல் தனக்கே யாரோ பக்கத்து வீட்டுக்காரியுடையது போலக் கேட்டது, தொலைந்ததை அறியாதவன் அதை விட்டுவிட்டவன் ஆகமாட்டான் என்று இரண்டாம் ரபியின் கட்சியை வாசித்து, வழக்கமாக எல்கானா குறுக்கிடும் இடத்தில் நிறுத்தினாள். வேண்டுமென்று நிறுத்தவில்லை, பழக்கம். அப்போதுதான் தோன்றியது, அன்றும் இப்படித்தானே ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தினேன், அவனுக்கு வலி, பேச முடியவில்லை என்று நினைத்துக்கொண்டு நிறுத்தினேன், நிறுத்தி, சரி, ஒப்புக்கொண்டாச்சு என்று பட்ட பிறகுதானே அடுத்த வரிக்குப் போனேன், அவசரமாக ஓட்டவில்லையே, இரண்டு மணி நேரமும் அப்படித்தானே... அவன் தூங்கிக்கொண்டிருந்தான் என்றால், அந்தச் 'சரி' எங்கிருந்து வந்தது? வெளியே ட்ராம் மணியடித்துக்கொண்டு போனது. யாரோ ஷட்டரைத் தட்டி, "திறந்திருக்கா?" என்றார்கள். திர்சா அடுத்த வரிமேல் விரலை வைத்தபடி, போகலாமா இன்னும் கொஞ்சம் காத்திருக்கலாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.