நாழிக்குள் ஆழாக்கு

சிவகாசி அச்சகம் ஒன்றில் படம் வடிவமைக்கும் மாரிசெல்வி, தானே வரைந்த ஓவியம் காலண்டரில் ஏறப்போவதை எண்ணிப் பூரித்திருந்தாள். விருதுநகர் அரிசி வியாபாரி செந்தூர்பாண்டியின் கடைக்கான ஆர்டர் அது. சாமி படத்துக்குப் பதிலாகப் பழைய அளவைகளை வெறும் வண்ணச் சதுரங்களாக வரைந்து வரிசையாக நிறுத்தியிருந்தாள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. ஒவ்வொன்றும் முந்தியதைப் போல இரு மடங்கு. அந்த வளர்ச்சிதான் படம்.

அச்சுக்குப் பிளேட் போடுவதற்கு முன் பார்க்க வந்த செந்தூர்பாண்டி, சின்னச் சதுரத்தை விரலால் அளந்து அடுத்ததற்குள் வைத்துப் பார்த்தார். சிரித்துவிட்டார்.

“ஏ தாயி, ஒன் உழக்குக்குள்ள ஆழாக்கு நாலு போகுதே! இம்புட்டு தாராளமா அளந்தா நான் கடையப் பூட்ட வேண்டியதுதான்.”

அவள் முகம் சுண்டிப்போயிற்று. அவள் சதுரத்தின் பக்க நீளத்தை இரட்டித்திருந்தாள்; அப்படிச் செய்தால் அகலமும் கூடும், உயரமும் கூடும்; சதுரம் நாலு மடங்காகிவிடும். அவளுடைய நாழிக்குள் எட்டு ஆழாக்குக்குப் பதில் அறுபத்துநாலு இருந்தன.

“அரிசிக்கடை காலண்டர்ல அளவு தப்புனா ஊரு என்ன பேசும்? சாப்பிட்டு வாரேன். அதுக்குள்ள சரியாகலைன்னா லட்சுமி படத்தையே போட்டுருங்க.”

கணக்குப் போட்டுச் சதுரங்களைச் சுருக்கினாள். அளவு சரியாயிற்று, படம் செத்துவிட்டது. நாலு பெட்டிகள் சும்மா நின்றன.

மெஷின் ஓட்டும் முனியராஜ் வடையோடு வந்தார். வெள்ளைக் கழிவுத்தாளைச் சதுரமாகக் கிழித்து, நாலு மூலையையும் நடுவில் கூட்டி மடக்கி, மேலே வடையை வைத்து நீட்டினார்.

“மொதல்ல தின்னு தாயி.”

அவள் தாளையே பார்த்தாள். மடித்த தாள் எங்கும் இரண்டு அடுக்காக இருந்தது. அப்படியானால் பரப்பு சரிபாதி! அதுவும் சாய்ந்து நிற்கும் சதுரம்.

“அண்ணே, வடையைப் பிடிங்க!”

“ஆறிப்போகும்லா?”

மறுபடி மடக்கினாள். பாதியில் பாதி, இப்போது நேராக. உடனே வரைய உட்கார்ந்தாள். நாழி நேராக, அதற்குள் உரி சாய்ந்து, அதற்குள் உழக்கு நேராக, நடுவில் ஆழாக்கு சாய்ந்து. திரையில் படம் மெல்லச் சுழல்வது போலிருந்தது.

செந்தூர்பாண்டி திரும்பி வந்து, தானும் ஒரு தாளை மடக்கிப் பார்த்துத் தலையாட்டினார்.

“நீங்க காட்டாட்டி இந்தத் தப்பு அம்புட்டு வீட்டுச் சுவத்துலயும் தொங்கியிருக்கும், அண்ணாச்சி. பெரிய உதவி.”

“நான் சிரிச்சில்லா வச்சேன்?”

“நல்லாச் சிரிச்சீக. அதுனாலதான் இந்தப் படம் கெடச்சது.”

“அப்பக் கீழ ஒன் பேரப் போடு. அளவு சரின்னு சொல்ல ஆளு வேணும்ல.”

தன் பேரைப் போட்டுவிட்டு முனியராஜைப் பார்த்தாள். “ஒங்க பேரையும் போடுறேன், அண்ணே.”

“எம்பேரு எதுக்கு? கலர் பிசகுனா என்னையத்தான் ஏசுவாக.”

அவள் அதையும் சேர்த்துவிட்டுத்தான் பிளேட்டுக்கு அனுப்பினாள்.